உங்கள் கல்லும் தங்கவேலுவின் போறணையும்

இஞ்சேருங்கோ,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடும்படி நீங்கள் எத்தனையோ தடவை கேட்டீர்கள். கான்வென்டில் படித்த பெண்ணுக்கு இதில் என்ன வெட்கம் என்று கேலியும் செய்தீர்கள். எனக்கு வாய் வரவே இல்லை. இப்போதும் குசினியில் நின்றபடி சில நேரம் வாய்தவறிக் கூப்பிட்டுவிடுகிறேன். முன்னறையிலிருந்து ஒரு "ம்" வரும் என்று காது தானாகவே காத்து நிற்கிறது. அந்த ஒரு எழுத்துக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று யார் நினைத்தார்கள்?

ஒவ்வொரு ஆண்டும் உங்கள் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரி போடுவது வழக்கம். "ஆறாத்துயரில் வாடும் மனைவி, மகன்" என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்த முறை அது எனக்குப் போதவில்லை. உங்களிடம் சொல்வதற்கு ஒரு விஷயம் இருக்கிறது. கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பது தெரியும். வாசிக்கட்டும். ஒளித்துச் செய்த காரியம் எதுவும் இதில் இல்லை.

முதலில் வீட்டுச் செய்தி. வெள்ளவத்தையில் நம் பல்கனியிலிருந்து ஒரு துண்டுக் கடல் தெரியுமே, அதை மறைத்துவிட்டார்கள். முன்னால் இருந்த பழைய வீட்டை உடைத்து மாடி மேல் மாடியாகக் கட்டுகிறார்கள். ரயில் போகும் சத்தம் மட்டும் மிச்சம். உப்புக் காற்று எந்த வழியாலோ வந்து ஜன்னல் கம்பிகளை முன்போலவே தின்கிறது. உங்கள் சாய்மனைக் கதிரையை நான் இடம் மாற்றவில்லை. யாரையும் அதில் உட்காரவும் விடுவதில்லை.

இனிக் கம்பெனி. உங்களுக்குத் தெரிந்ததை வாசிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கொட்டாஞ்சேனையில் நம் களஞ்சியம். கொழும்பிலும் சுற்றியும் உள்ள பேக்கரிகளுக்குக் கோதுமை மா, ஈஸ்ட், மாஜரின் கொடுக்கிற வியாபாரம். சரக்கை மட்டும் கொடுத்து நீங்கள் நிறுத்தவில்லை. பாண் சுடும் போறணை கட்ட, மா பிசையும் மெஷின் வாங்க, கடைக்குக் கூரை போட என்று கடனும் கொடுத்தீர்கள். வங்கி வாசலில் ஏற்றாத மனிதர்களுக்கெல்லாம் கொடுத்தீர்கள். அவர்களைக் கடன்காரர் என்று சொல்ல யாரையும் விட்டதில்லை. "பங்காளி என்று சொல்லுங்கோ. கடன்காரன் என்றால் எங்களைக் கண்டு ஒளிவான், பங்காளி என்றால் முன்னுக்கு வருவான்" என்பீர்கள்.

அவர்கள் முன்னுக்கு வந்த விதம்தான் நம் சனிக்கிழமை. நம்மிடம் கடன் வாங்கிய ஒவ்வொரு பேக்கரியிலிருந்தும் அன்று ஒரு பாண் வரும். நம் லொறி சரக்கை இறக்கிவிட்டு, பாணை ஏற்றிக்கொண்டு, கடைசியில் நம் வீட்டு வாசலில் வந்து நிற்கும். சாப்பாட்டு மேசையில் நான் வெள்ளை விரிப்பைப் போட்டுவைத்திருப்பேன். நீங்கள் ஒவ்வொரு பாணாக எடுத்து, அடியில் விரல் முட்டியால் தட்டி, பக்கத்தை அமுக்கி, மூக்கருகே கொண்டுபோவீர்கள். கையில் காசு குறைந்தவன் முதலில் மாஜரினைக் குறைப்பான், பிறகு விறகை மிச்சம் பிடிப்பான், அதனால் பாணின் அடி வெளிறும், கடைசியில் நிறையில் கைவைப்பான். அந்த வரிசையை நீங்கள் எனக்குச் சொல்லித் தந்தது அந்த மேசையில்தான். "கணக்கை எழுதிக் காட்டலாம். பாணைச் சுட்டுத்தான் காட்ட வேணும்" என்று சொல்லிவிட்டு, மேசை முழுவதும் தூள் கொட்டிவிட்டுப் போவீர்கள். துடைப்பது யார் என்று நான் கத்துவேன்.

பாணை நீங்கள் திருப்பி அனுப்பியது ஒரே ஒரு தடவை. இரத்மலானைப் பக்கம் ஒருவர் வாரக்கணக்காக நிறை குறைத்துக்கொண்டே வந்தார். கூப்பிட்டுச் சொன்னீர்கள், அவர் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை அவருடைய பாணைத் தொடாமல் அப்படியே லொறியில் திருப்பி ஏற்றினீர்கள். அடுத்த கிழமை அவருக்குச் சரக்கு போகவில்லை, கடனையும் முழுதாகக் கேட்டீர்கள். அந்தக் கதை எல்லாப் பேக்கரிக்கும் போய்ச் சேர்ந்தது. நம் பாண் திரும்பி வந்தால் நம் கதை முடிந்தது என்று அவர்களுக்குள் ஒரு பேச்சாகவே ஆகிவிட்டது.

பார்த்து முடிந்த பாண்களெல்லாம் கோயிலுக்கும் அயலுக்கும் போகும். ஒன்றை மட்டும் நமக்கு வைத்துக்கொள்வோம். பட்டரைப் பூசி, கரையை உங்களுக்கு வெட்டித் தருவேன், மெதுவான உட்பக்கத்தை நான் எடுத்துக்கொள்வேன். பேசி முடிவெடுத்த ஏற்பாடு அல்ல அது. முதல் சனிக்கிழமையிலிருந்தே அப்படித்தான்.

நீங்கள் போன பிறகு நம் மகன் ரெஜி கம்பெனியைப் பொறுப்பெடுத்தான். அவனைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. வரிசைகளும் தட்டுப்பாடுகளுமாகப் போன அந்தக் கெட்ட காலத்தில், நீங்களே இருந்திருந்தாலும் திணறியிருப்பீர்கள். ஒரு மூடை மா கிடைக்காத நாட்களிலும் சம்பளம் கொடுத்தான் உங்கள் மகன். ஆனால் சனிக்கிழமைப் பாணை அவன் நிறுத்திவிட்டான். கந்தோரில் ஒரு கிளார்க் பேக்கரிக்காரரிடம் கேக் வாங்கிக்கொண்டு தவணையைத் தள்ளிப்போட்டுக் கொடுத்தது பிடிபட்டது. கணக்காய்வு செய்ய வந்தவர்கள், கடன் வாங்கியவர்களிடமிருந்து எந்தப் பரிசும் ஏற்கக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். களஞ்சிய வாசலில் மூன்று மொழியிலும் பலகை மாட்டியாயிற்று. தமிழில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது. சொல்லித் திருத்த வைத்தேன்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மேசையில் விரிப்பு மட்டும்தான். இனித் தூள் இல்லை, துடைக்க வேண்டியதில்லை என்று முதல் வாரம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது வாரம் விரிப்பையும் மடித்து வைத்துவிட்டேன்.

இந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெஜி ஒரு ஃபைலோடு வந்தான். நீங்கள் எழுதி வைத்தபடி கம்பெனியில் என் பங்குதான் பெரியது. ஒரு பங்காளியின் சொத்தில் கைவைப்பதென்றால் நானும் கையெழுத்துப் போடவேண்டும்.

"மம்மி, பாங்க்ல எங்கட கடன் லிமிட்டைப் புதுப்பிக்க முன்னம் இதையெல்லாம் துப்புரவாக்கச் சொல்றாங்க" என்றான். "நிறைய ஐயக்கடன், வருமோ வராதோ தெரியாது. மற்ற ஆக்களெல்லாம் கொஞ்சங் கொஞ்சமா கட்டத் தொடங்கிட்டாங்க. தெமட்டகொடை ஆள் மட்டும் ஒரு சதமும் இல்ல. போன் எடுக்கிறதும் இல்ல. கடை உறுதிப்பத்திரம் எங்ககிட்ட ஈடா இருக்கு. லோயர் லெட்டர் அனுப்பி, கடைய வித்து எடுக்கிறதுதான் ஒரே வழி."

தெமட்டகொடை ஆள் என்றதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சின்ன வயதில் கொழும்புக்கு வந்து, ஹோட்டலில் தட்டுக் கழுவி, பிறகு சொந்தமாகப் பேக்கரி போட்டவர். அவருக்கு முதல் போறணை கட்டியது உங்கள் காசு, அதில் சுட்ட பாணைத் தட்டிப் பார்க்க நீங்களே போனீர்கள். அவரைத் தங்கவேலு என்றே இங்கே எழுதுகிறேன். அது அவருடைய பெயரல்ல. மானமுள்ள மனிதரின் பெயரைப் பத்திரிகையில் இழுக்கக்கூடாது.

லோயருடைய கடிதத்தை வாசித்துப் பார்த்தேன். ஆங்கிலம் சகிக்கவில்லை. சிவப்புப் பேனையை எடுத்தேன்.

"மம்மி, அது லோயர் எழுதினது!"

"அதுக்கு? லோயரை எந்தக் கான்வென்ட் சிஸ்டரும் முழங்காலில நிக்க வைக்கேல்லப் போல."

அவன் சிரித்தான். நீங்கள் சிரிக்கிற மாதிரியே தோளைக் குலுக்கிச் சிரிக்கிறான். அந்த நேரத்தில் அவனைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

"திருத்துங்கோ, திருத்திட்டு சைன் பண்ணுங்கோ" என்றான்.

"தங்கவேலுட கடைக்குப் போனியா?"

"நான் ஏன் போகோணும்? ரெக்கவரி ஆள் ரெண்டு தரம் போனவர்."

"பாண் எப்படி இருக்காம்?"

அவன் என்னைப் பார்த்த பார்வையில் பொறுமையும் இருந்தது, கவலையும் இருந்தது. "மம்மி, டடி எல்லாத்தையும் கையாலயும் மூக்காலயும் பாத்தார். பாங்குக்கு மூக்கு இல்ல."

அவன் சொன்னதில் பிழை இல்லை. வாங்கியதைத் திருப்பித் தராதவனுக்காக மற்றவர்களின் சம்பளத்தைப் பணயம் வைக்க முடியாது. நீங்களும் தர்மத்துக்குக் கடன் கொடுத்தவரல்ல. ஆனால் பேனையை எடுத்தபோது, இரத்மலானைப் பாணை நீங்கள் லொறியில் ஏற்றிய காலை ஞாபகம் வந்தது. எத்தனை கிழமை சொல்லிப்பார்த்த பிறகு அதைச் செய்தீர்கள். இவருக்கு யார் என்ன சொன்னார்கள்? பேனையை மூடிவிட்டு, "கொஞ்சம் பொறு" என்றேன்.

அந்தக் கிழமைதான் உங்கள் தங்கை மேரி மச்சாளும் வந்தாள். எல்லா ஆத்துமாக்கள் தினத்தில் உங்கள் கல்லறைக்குப் போய் வந்ததிலிருந்தே அவளுக்கு ஒரு மனக்குறை. "மச்சாள், குறை நினைக்காதீங்கோ. அண்ணாக்கு இன்னும் ஒரு கல்லும் இல்ல. பக்கத்தில கிடக்கிறவருக்கு செட்டை விரிச்ச சம்மனசு சிலையே நிக்குது. நான் மெழுகுதிரிய ஆரோ ஒரு பெரேராக்கு கொளுத்தி, அழுதுபோட்டும் வந்திட்டன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அவமானமாகவும் இருந்தது. கல்லுக்கான காசு வங்கியில் நிலையான வைப்பாக இருக்கிறது, அது முதிரும் வரை பொறுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். அது உண்மைதான். கறுப்புக் கருங்கல், உங்கள் பெயர், கீழே எனக்கும் ஒரு வரிக்கு இடம். எழுத்தின் அளவு முதற்கொண்டு கல்வெட்டுகிறவரிடம் சொல்லி வைத்திருந்தேன். யாருடைய தயவுமில்லாமல், என் சேமிப்பில். ரெஜியிடம்கூட ஒரு சதம் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை சுனிலின் ஓட்டோவில் தெமட்டகொடைக்குப் போனேன். சுனிலை உங்களுக்குத் தெரியும், லொறிக்காரர் வராத நாளில் பாண் கொண்டுவருவாரே. "நோனா, கொஹெத யன்னே?" என்று போகுமிடத்தைச் சிங்களத்தில் கேட்டவர், நான் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "மஹத்தயா பான் பலன்ன கிய தென" என்றார், ஐயா பாண் பார்க்கப் போன இடம் என்று.  

கடை ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம், சின்ன ஒழுங்கை. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தங்கவேலுவின் மனைவி நின்றார். அவர் என்னைக் கண்டதில்லை, நானும் அவரை அன்றுதான் பார்த்தேன். நான் யாரென்று சொல்லவில்லை. ஒரு இறாத்தல் பாண் கேட்டேன். காசைக் கொடுத்து வாங்கி, அங்கேயே நின்றபடி திருப்பி, அடியில் தட்டினேன்.

"என்னம்மா, கதவத் தட்டுற மாதிரி தட்டுறீங்க? உள்ள யாரும் இல்ல" என்றார் அந்தப் பெண்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நல்ல சத்தம். வெறும் பெட்டியைத் தட்டினால் வருகிற மாதிரி ஆழமான சத்தம். அடி நன்றாகச் சிவந்திருந்தது. பக்கத்தை அமுக்கினேன், திரும்பி எழுந்து வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். விறகின் வாசம். இஞ்சேருங்கோ, நம் வெள்ளை விரிப்பும், நீங்களும், தூளும் எல்லாம் அந்த வாசத்தில் வந்துவிட்டன. தெருவில் நின்று ஒரு பாணை முகத்தில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்குத் தெரியாது.

நிமிர்ந்தபோது, உள்ளே போகும் வாசலில் ஒருவர் மா படிந்த கைகளோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். தலை முழுவதும் நரைத்துவிட்டது. சுவரில் இருந்த உங்கள் படத்தை அப்போதுதான் நான் கவனித்தேன். முருகனுக்கும் அந்தோனியாருக்கும் நடுவில் உங்களை மாட்டியிருக்கிறார்.

"இந்த மாதிரி பாணைத் தட்டிப் பாக்குறவரு ஒருத்தருதான் இருந்தாரு" என்றார். "நீங்க ஐயாவோட வீட்டம்மாங்களா?"

"ஓம்" என்றேன்.  என் கையில் இருந்த உங்களை ஒரு மனிதர் அடையாளம் கண்டுகொண்டார்.

அவருடைய மனைவி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "ஐயையோ, நான் வேற கதவுன்னு சொல்லிட்டேனே" என்று வாயில் கைவைத்தார். முக்காலியைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. நான் குடிக்கவில்லை. வந்த காரியம் முடியும் வரை பங்காளி வீட்டில் குடிக்கக்கூடாது என்று உங்களிடம் படித்தேன்.

"போன் ஏன் எடுக்கிறதில்ல?" என்று நேராகக் கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எடுத்து என்னம்மா சொல்றது?"

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லாட்டியும் எடுத்து ஹலோன்னாவது சொல்லுங்கன்னு நான் சொன்னேன்" என்றார் மனைவி. "மாவுகிட்ட பேசுவாரு, போறணைகிட்ட பேசுவாரு. மனுசங்ககிட்ட மட்டும் பேசமாட்டாரு."

தங்கவேலு பின்னால் கூட்டிப்போய்க் காட்டினார். படங்குச் சீலையால் மூடிய ஒரு பெரிய டீசல் போறணை. மேலே தட்டுகள் அடுக்கியிருந்தன, தட்டுகளின் மேல் ஒரு பூனை நித்திரை. நீங்கள் நோயாகப் படுத்திருந்த காலத்தில் நம் கம்பெனி கொடுத்த கடன் அது. புதிய போறணைக்குக் கடன் தருவதென்றால் பழைய விறகுப் போறணையை உடைத்து இடம் எடுக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள். உடைத்தார். கொஞ்ச மாதத்தில் நாட்டில் டீசல் இல்லாமல் போனது. பக்கத்துத் தெருக்களில் விறகுப் போறணை வைத்திருந்தவர்கள் பாண் சுட்டார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு டீசல் வந்தது, விலையோ எட்டாத உயரத்தில். உடைத்த செங்கலைப் பொறுக்கி, குறைந்ததை வாங்கி, விறகுப் போறணையைத் திரும்பக் கட்டினார். நமக்குக் கட்டவேண்டிய தவணைதான் அந்தச் சுவரில் இருக்கிறது.

"கடைய மூடிட்டுத் தவணை கட்டுறதா, தவணைய நிறுத்திட்டுக் கடையத் தெறக்கிறதான்னு ஆகிப்போச்சும்மா."

"அதை ஏன் வந்து சொல்லேல்ல?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வந்து சொன்னால் கேட்கமாட்டமா?"

"வந்தேன்மா" என்றார். "திரும்பக் கட்டுன போறணையில வந்த மொத பாண எடுத்துக்கிட்டு கொட்டாஞ்சேனைக்கு வந்தேன். ஐயா காலத்துல பாணக் குடுத்துட்டுத்தானே பேசுறது. வாசல்ல செக்யூரிட்டி மல்லி நிறுத்திட்டாரு. பரிசு எடுக்கமாட்டம், இதக் கொண்டு போங்கன்னு பாணத் திருப்பிக் குடுத்துட்டாரு."

 மனைவிதான் முடித்தார். "பாண் திரும்பி வந்துருச்சு, நம்ம கத முடிஞ்சதுன்னு வந்து படுத்தவருதாம்மா. அதுக்கப்புறம் போன் அடிச்சா, கடைய எழுதிக் கேக்கத்தான் அடிக்கிறாங்கன்னு தொடவே மாட்டாரு."

வாசல் காவல்காரனுக்குப் பலகைதான் தெரியும். ரெஜிக்கு அந்த விதி தெரியும். பாணைத் திருப்பிக் கொடுத்தால் தங்கவேலு என்ன நினைப்பார் என்பது தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மண்ணுக்குள். மற்றவள் விரிப்பை மடித்து வைத்துவிட்டு வெள்ளவத்தையில் உட்கார்ந்திருந்தாள்.

கடையில் நான் வாங்கிய பாணை ரெஜியின் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.  அவன் பாணை எடுத்து, ஒரு தடவை தட்டினான். எப்போது பார்த்துப் பழகினான் என்று தெரியவில்லை. உங்கள் விரல் முட்டியேதான்.

"நல்ல பாண்தான் மம்மி" என்றான். "ஆனா நல்ல பாண் சுடுற ஆளும் காசு கட்டாம விடலாம்."

"விடலாம்."

"பாங்குக்கு நான் என்னத்தச் சொல்ல? பாண் நல்லா மணக்குது என்டா?"

"நான் பிணை நிக்கிறன் என்டு சொல்லு. என்ட நிலையான வைப்பை எடுத்து கம்பெனிக்குப் பிணையா வை. தங்கவேலு கட்டாட்டி அதிலிருந்து கழி. அந்த டீசல் போறணைய வித்து வாற காசையும் கடனில கழி. மிச்சத்தை அவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சின்னத் தொகையாக் கட்டட்டும்."

அவன் நிமிர்ந்தான். "மம்மி, அது டடிட கல்லுக்கு வைச்ச காசு."

"ஓம்."

"அவர் கட்டாட்டி?"

"கட்டாட்டி உன்ட டடி கல்லில்லாமக் கிடப்பார். அவருக்கு அவசரம் எண்டு நான் ஒருநாளும் கண்டதில்ல. அவசரம் எல்லாம் மேரி மச்சாளுக்குத்தான்."

பாண் விஷயத்தில் அவன் பலகையை இறக்க மறுத்தான். சரிதான், விதி விதிதான். அதற்கும் வழி சொன்னேன். விலை கொடுத்து வாங்கினால் அது பரிசு அல்ல. ஒவ்வொரு பங்காளியிடமிருந்தும் சனிக்கிழமை ஒரு பாணை நான் காசு கொடுத்து வாங்குவேன், பற்றுச்சீட்டோடு. லொறி கொண்டுவரட்டும். ரெஜி தலையைச் சொறிந்துகொண்டு, இதைக் கணக்கில் எந்தத் தலைப்பில் போடுவது என்றான். அது உன் பாடு என்றேன். லோயருடைய கடிதத்தைத் திருத்தியபடியே திருப்பி அனுப்பினோம், கையெழுத்தில்லாமல்.

தங்கவேலுவிடம் சொல்லப் போனபோது, நான் இளகிப்போய் வந்திருப்பதாக நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அதை நிறுத்தினேன். "இது தர்மமில்ல. கடன் முழுசா இருக்கு. போன் அடிச்சா எடுக்கோணும். ஒரு கிழமை முடியாட்டி, முடியாது எண்டு சொல்லிப் பாணை அனுப்போணும். காசில்லாட்டியும் பாண் வரோணும். பாணில கைவைச்சீங்களோ, அண்டைக்குக் கடைய விக்க நான் சைன் வைப்பன்." அவர் தலையாட்டினார். கல்லைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. அந்தப் பாரம் அவர் தோளுக்குரியதல்ல. இதை வாசித்தால் தெரிந்துகொள்வார், அதற்குள் கொஞ்சமாவது கட்டியிருப்பார்.

தேத்தண்ணியை அன்றைக்குக் குடித்தேன். சீனிதான் கொஞ்சம் கூடுதல்.

புறப்படும்போது, போறணை கட்டி மிஞ்சிய செங்கல் ஏதும் இருக்கிறதா என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் ஒன்றைத் தேடி எடுத்தார். நீங்கள் கட்டிக்கொடுத்த முதல் போறணையின் செங்கல், ஒரு பக்கம் புகை ஏறிக் கறுத்தது. காசு வாங்கமாட்டேன் என்றார். பரிசு எடுக்கக்கூடாது என்று பலகை மாட்டியிருக்கிறோம் என்று சொல்லி, காசைக் கையில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் செங்கல் இப்போது உங்கள் தலைமாட்டில் இருக்கிறது. கறுத்த பக்கம் மேலே. மெழுகுதிரி வைக்கச் சரியான அகலம். மேரி மச்சாளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். "இது என்ன, செங்கல்?" என்றாள். "ஓம், செங்கல். இனிப் பெரேராக்கு அழத் தேவையில்ல" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள், ஆனாலும் மெழுகுதிரியைச் சரியான இடத்தில் கொளுத்தினாள். பக்கத்துச் சம்மனசு செட்டையை விரித்தபடி நிற்கிறது. நான் அதைப் பார்ப்பதில்லை.

கேட்கவேண்டியதை இன்னும் கேட்கவில்லையே. இஞ்சேருங்கோ, நான் செய்தது சரியா? உங்கள் கல்லை உங்களைக் கேட்காமல் ஈடு வைத்துவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கொடுத்த கடன் திரும்பி வராதோ என்று ஒரு நாளாவது பயந்திருக்கிறீர்களா, அல்லது அந்தப் பயத்தை எனக்குத் தெரியாமல் அந்தச் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து விழுங்கினீர்களா? இவ்வளவு காலம் பக்கத்தில் இருந்தும் இதை நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு "ம்" ஆவது சொல்லியிருப்பீர்கள்.

விரிப்பைத் திரும்பவும் போட்டுவிட்டேன். சனிக்கிழமை லொறி வருகிறது. நான் தட்டுகிறேன், அமுக்குகிறேன், மணக்கிறேன். நுகேகொடைப் பாணில் மாஜரின் குறைகிறது என்று ரெஜியிடம் சொன்னேன். தவணை ஒழுங்காக வருகிறதே என்றான். போய்ப் பார் என்றேன். போனான்.

தங்கவேலுவின் பாணோடு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு உறையில் காசு வந்தது. போன சனிக்கிழமை பாண் மட்டும் வந்தது. உறை இல்லை. முதல் நாள் போன் பண்ணிச் சொல்லியிருந்தார், சொல்லிவிட்டு அழுததாக அவர் மனைவி சொன்னார். எனக்கும் ஒரு தரம் பயம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். பாணைத் திருப்பித் தட்டினேன். அதே ஆழமான சத்தம். நிறையும் குறையவில்லை. வழக்கமான விலையை லொறிக்காரரிடம் கொடுத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டேன்.

பிறகு பட்டரை எடுத்து வைத்து, வெட்டினேன். நீங்கள் போனதிலிருந்து கரையை வெட்டிக் காகத்துக்குத்தான் போடுகிறேன். அன்று போட மனம் வரவில்லை. நானே சாப்பிட்டேன். என் பல்லுக்குக் கடினம், தேத்தண்ணியில் தோய்த்துத்தான் சாப்பிட வேண்டியிருந்தது. இவ்வளவு ருசியான பக்கத்தை இத்தனை வருடமும் நீங்களே எடுத்துக்கொண்டீர்கள். அதுகூடத் தெரியாமல், நல்ல பக்கம் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல் வரும். தங்கவேலுவின் கடைசித் தவணை வந்த பிறகு, கறுப்புக் கருங்கல், நான் சொல்லிவைத்த எழுத்து அளவில், ஒரு பிழையும் இல்லாமல் வரும். வராமல் போனால், என்னையும் அந்தச் செங்கலுக்குக் கீழேயே வைக்கச் சொல்லி ரெஜியிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை எந்தப் பங்காளியின் பாணும், நான் தட்டிப் பார்க்காமல், நம் வாசலிலிருந்து திரும்பிப் போகாது. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

மேசையின் இந்தப் பக்கத்தில், உங்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிடுகிற,
உங்கள் வீட்டுக்காரி